உறுத்துணர் குடல் நோயும் பல்கலைக்கழக மாணவரும்

பல்கலைக்கழக வாழ்வின் இடர்களைப் பற்றிப் பேசுங்கால் பொருள் முட்டுப்பாடு, விடுதி நெருக்கடி, பரீட்சைச் சுமை என்பனவற்றையே நாம் பெரும்பாலும் குறிப்பிடுகின்றோம். வெளியே சொல்ல நாணி மாணவர் தமக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கும் இடர் ஒன்றும் உண்டு. காலை விரிவுரைக்குப் புறப்படும் வேளையில் வயிறு முறுகுகின்றது. மலசலகூடத்துக்குச் சென்று மீண்ட பின்னரும் முற்றாகக் கழிந்த உணர்வு ஏற்படுவதில்லை. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் எடுத்ததும் வயிற்று நோவு மீண்டும் தொடங்குகின்றது. மருத்துவ உலகில் 'இரிட்டபிள் பவல் சின்ட்ரோம்' என வழங்கும் இந்நிலையை உறுத்துணர் குடல் நோய் என நாம் ஈண்டுக் குறிப்போம்.

இந்நோயுடையாரின் குடலில் புண்ணோ கட்டியோ காணப்படுவதில்லை. வழமையான பரிசோதனைகளில் குறை எதுவும் தென்படாமையால், எல்லாம் மனப்பிரமை எனப் பிறர் கூறுவதும், காலப்போக்கில் நோயுற்றவரே அதனை நம்பிவிடுவதும் உண்டு. இஃது ஏற்கத்தக்க கருத்தன்று. 2016 ஆம் ஆண்டில் வெளியான றோம் நியமங்களின் நான்காம் பதிப்பு இந்நோயைத் தெளிவாக வரையறுத்துள்ளது. அதன்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்தில் 1 நாளேனும் வயிற்று நோவு இருத்தல் வேண்டும். அந்நோவு மலங்கழித்தலோடு தொடர்புறுதல், மலங்கழிக்கும் தடவைகள் மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் அதனுடன் சேர்ந்திருத்தல் வேண்டும். அறிகுறிகள் 6 மாதங்களுக்கு முன்னரேனும் தொடங்கியிருத்தலும் வேண்டும். 33 நாடுகளைத் தழுவி 2021 இல் வெளியான ஆய்வொன்றில், இணையவழி வினவப்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் இவ்வரையறைக்கு உட்பட்டனர். எனவே இது யாரோ ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று.

இந்நோய் தோன்றுமாற்றை அறிதல் அச்சத்தைக் குறைக்கும். உணவுக்கால்வாயின் சுவரில் நரம்புக்கலங்களாலான பெரியதொரு வலை அமைந்துள்ளது. அது மூளையோடு இடையறாது செய்தி பரிமாறுகின்றது. இந்நோயுடையாரில் அச்செய்திப் போக்குவரத்து மிகைப்படுகின்றது. பிறர் உணராத சிறு விரிவும் சுருக்கமும் இவர்களுக்கு நோவாகத் தெரிகின்றன. உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் சுருங்குதல் யாவர்க்கும் இயல்பான தெறிவினையாகும். காலை வேளையில் வலுவாக நிகழும் இத்தெறிவினை, உளநெருக்கீடும் சேருமிடத்து அவசர உந்தலாக மாறுகின்றது. கடும் வயிற்றோட்டம் ஒன்றன் பின்னர் இந்நோய் தொடங்குவதும் உண்டு.

பாதிப்புற்ற மாணவர் பலர் கைக்கொள்ளும் முதல் உபாயம் பட்டினியாகும். விரிவுரை முடியும்வரை உண்ணாதிருந்து, மாலையில் பசி மிகுந்து ஒருசேர உண்பர். இதனால் நோவு நீங்குவதில்லை. மாலைக்குத் தள்ளிப்போகின்றது, அவ்வளவே. குறித்த நேரத்தில் அளவாக உண்ணுதலே நன்று. விரிவுரைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக முன்னரே காலையுணவை முடித்து, மலங்கழித்தற்கு ஆறுதலான நேரத்தை ஒதுக்குதல் பெரிதும் உதவும். தேநீரையும் கோப்பியையும் நாளொன்றுக்கு மூன்று கோப்பைகளுக்கு மேற்படாமற் கட்டுப்படுத்துதல் வேண்டும்.

மெல்பேண் நகரின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005 ஆம் ஆண்டளவில் முன்வைத்த உணவுமுறையொன்று இன்று பரவலாக ஆளப்படுகின்றது. குடலில் எளிதில் நொதித்து வாயுவை உண்டாக்கும் சிலவகைக் காபோவைதரேற்றுகளைக் குறைப்பதே அதன் அடிப்படை. எமது விடுதிகளிற் காலையில் கிடைக்கும் பாண், பருப்புக்கறி, வெங்காயச் சம்பல், பாற்றேநீர் ஆகிய நான்கிலும் இவை உள. அரிசியுணவில் இவை குறைவு. ஆதலின், வெங்காயமும் உள்ளியும் மிகாத கறியோடு இடியப்பமோ சோறோ உண்டு பார்த்தல் தகும். ஆயினும் இம்முறை வாழ்நாள் விரதமன்று. சில வாரங்கள் விலக்கியபின் ஒவ்வொன்றாக மீளச் சேர்த்து, தமக்கு ஒவ்வாதது எதுவெனக் கண்டறிந்து, அதனை மட்டும் குறைத்தலே நோக்கமாகும். இயலுமாயின் உணவியலாளரின் துணையோடு செய்தல் வேண்டும். கண்டதனைத்தையும் விலக்குவோர் போசணைக் குறைபாட்டுக்கு ஆளாவர்.

உளவழிச் சிகிச்சைகளுக்கும் இந்நோயில் இடமுண்டு. மன்செஸ்ரரில் பீற்றர் ஹோர்வெல்லும் அவர்தம் குழுவினரும் கடுமையான இந்நோயுடையார் 30 பேரிடத்து நடத்திய ஆய்வில், அறிதுயிற் சிகிச்சை நற்பயன் தந்தமையை 1984 இல் வெளியிட்டனர். உளவழிச் சிகிச்சையாற் குணம் காண்பதனால் நோய் பொய்யென்று ஆகிவிடாது. குடலும் மூளையும் ஒரே தொடரின் இரு முனைகள் என்பதே இதனாற் புலனாகின்றது. ஒழுங்கான உறக்கமும் நாள்தோறும் நடத்தலும் இத்தொடர்பைச் சீராக்கத் துணைபுரிவன.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. மலத்துடன் குருதி செல்லுதல், காரணமின்றி உடல் மெலிதல், குருதிச்சோகை, காய்ச்சல், உறக்கத்தினின்றும் எழுப்பும் வயிற்றோட்டம் என்பன காணப்படின், இந்நோயெனத் தாமே முடிவு செய்யாது வைத்தியரை நாடுதல் வேண்டும். குடற் புற்றுநோயோ அழற்சி நோயோ உடைய குடும்பத்தினர்க்கும் இது பொருந்தும்.

இனி, இந்நோயைத் தாங்குதல் மாணவரின் தனிப்பொறுப்பு மட்டுமன்று. நீரும் கதவும் தாழ்ப்பாளும் ஒழுங்காயமைந்த மலசலகூடம் விரிவுரை மண்டபத்துக்கு அருகில் இருப்பின், மாணவரின் அச்சத்திற் பாதி அகலும். பரீட்சையில் வாயிலோரத்து இருக்கையை வேண்டும் மாணவர்க்கு அதனை வழங்குதல் சலுகையன்று, நீதியேயாம். அதற்கு மாணவரும் வாய்திறத்தல் வேண்டும். பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடமும் மாணவ ஆலோசகரிடமும் பரீட்சைக்கு முன்னரே நிலைமையை எடுத்துரைத்தல் நலம். விரிவுரையின் நடுவே எழுந்து செல்லும் தோழரை நோக்கி நகைக்காதிருத்தல் ஏனைய எம் எல்லோராலும் இயலக்கூடியது. வெளியே செல்ல இயலாதோ என்னும் அச்சமே குடலை மேலும் முறுக்குவதாகலின், தடையின்றிச் செல்லலாம் என்னும் உறுதியே பலர்க்கு முதல் மருந்தாக அமையும்.