பேர் தெரியாத சுருட்டு

டில்லியில் கார்த்திகை மாதம் என்றால் காற்றிலேயே வேண்டிய அளவு புகை இருக்கும். அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிறு மாலை புசா ரோடு எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்த நண்பர், சட்டைப் பையிலிருந்து நாலு சுருட்டுகளை எடுத்து வைத்தார். ஊருக்குப் போய்த் திரும்பியவர். பெயர் அச்சடித்த காகித வளையங்களை முன்பே கழற்றிவிட்டார்.

"எந்த ஊர்ச் சரக்கு, சொல்லுங்கள் ஸார்! ஹவானாவா, திண்டுக்கல்லா, உறையூரா?" என்றார். மேல்நாடுகளில் சுருட்டுப் பிரியர்கள் இப்படிப் பெயரை மறைத்துப் புகைத்துப் பார்த்துச் சொல்வதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள்.

மற்ற மூவரும் பற்றவைத்தார்கள். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செய்த நான், சாம்பலைப் பார்க்கச் சொன்னேன். சுருட்டில் மூன்று அடுக்கு: உள்ளே நிரப்பும் இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, மேலே சுற்றும் இலை. உள்ளே முழு நீள இலை இருந்தால் சாம்பல் உதிராமல் நிற்கும். துண்டு இலை என்றால் சட்டையில் கொட்டும். இலையில் பொட்டாஷ் சத்து போதுமானதாக இருந்தால் சீராக எரியும். குளோரைடு அதிகமானால் அணைந்து அணைந்து எரியும்.

சாம்பலை வைத்துத் துப்பறியும் வித்தையில் நம் ஊருக்கு உலகப் புகழ் உண்டு. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று சாம்பலை வைத்தே ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தின் 'ஷெரூட்' நம் 'சுருட்டு'தான். ஆனால் திருச்சிச் சுருட்டுக்கு இலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. எனவே சாம்பல் மண்ணைச் சொல்லலாமே தவிர, சுற்றிய கை எந்த ஊர் என்று சொல்லாது!

எங்கள் தெருப் பெயருக்கும் புகையிலைக்கும் உறவு உண்டு. புசா என்பது பீகாரில் ஓர் ஊர். 1905-இல் அங்கே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியேலும் இந்தியப் புகையிலை வகைகளை ஆராய்ந்தார்கள். 1934 பூகம்பத்தில் கட்டடம் சேதமாகி, 1936-இல் நிலையம் டில்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரும் கூடவே வந்தது, நம்மைப் போல. சுருட்டுப் புகையிலைக்கென்று திண்டுக்கல் அருகே வேடசந்தூரில் 1948-இல் தனி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

இத்தனையும் பேசிய பிறகு, என் பங்குச் சுருட்டைப் பற்றவைக்காமல் மூக்கருகே கொண்டுபோனேன். ஒரே நொடி. "உறையூர்" என்றேன். ஒருவர் ஹவானா என்றார்; இருவர் திண்டுக்கல் என்றார்கள். கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே, "ஸார் ஜெயித்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். "ஏதோ குருட்டு யோசனை" என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். அது என் அப்பாவின் காக்கிச் சட்டை வாசனை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சங்கு ஊதி வீடு வந்ததும் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் உட்கார்ந்து ஓர் உறையூர்ச் சுருட்டு. அம்மா கோபித்தால், "நான் என்ன சிகரெட்டா குடிக்கிறேன்? புகையை உள்ளே இழுக்கிறதே இல்லை, வாயோடு சரி" என்பார்.

வாயோடு சரி என்பதுதான் தப்பு. 1986-இல் டில்லிக்கு எனக்கு வந்த கார்டில், "நாக்கு ஓரத்தில் சின்னப் புண். மாசிக்காய் போடுகிறேன். லீவு போட்டு வரவேண்டாம்" என்று எழுதியிருந்தார். நானும் போகவில்லை. அடுத்த இரண்டு கார்டிலும் "தேவலை" என்றே இருந்தது. தீபாவளிக்குப் போனபோது அவரால் இட்லியை விழுங்க முடியவில்லை. டாக்டர், "ஆறு மாதம் முன்னால் வந்திருக்கலாமே" என்றார். 1988-இல் போய்விட்டார்.

சுருட்டுப் புகையை விழுங்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் என்று இன்று வைத்திய உலகம் தெளிவாகச் சொல்கிறது. அன்று எங்களுக்கு அது தெரியாது.

அந்தச் சுருட்டை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு இங்கே இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது கார்டு இல்லை, தினம் போன் பேசுகிறோம். ஆனாலும் "ஒன்றுமில்லை, சின்னப் புண்" என்று சொல்வது மாறவில்லை. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் என்றால், அவர்கள் வேண்டாம் என்றாலும் டிக்கெட் எடுங்கள்.