சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

பனையும் தென்னையும் நிறைந்த எலப்புள்ளி வட்டாரத்தில், மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவரை "இனி அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய பெயர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-ல் கொச்சியில் பிறந்த இக் கிறிஸ்தவப் பெண்மணி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இரு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவர் மனம் ஒடிந்துவிடாமல் காத்தது இறைநம்பிக்கை. உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்டு வழி காட்டினார். தொழுநோயால் மடங்கிய கைகளைத் தொட ஊரார் அஞ்சிய காலம் அது. நடக்க இயலாத மேரி, அந்த விரல்களை நிமிர்த்திக் கொடுத்தார்.

பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் பிறந்தது. கால் இழந்தோர் அங்கு தங்கி, தம் வேலையைத் தாமே செய்யப் பழகினர். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் மறைந்தார்.

தம் துன்பம் தீரட்டும், பிறகு பிறருக்கு உதவுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. பிறரிடம் அன்பு காட்டச் சொல்லும் வேதத்தை, சக்கர நாற்காலியில் அமர்ந்தே வாழ்ந்து காட்டினார்.