பாறைக்குள் எட்டு மாதம் உறங்கும் பூச்செடி

மழைக் காலத்தில் சென்னையிலிருந்து மும்பைக்கு வரும் ரயில், லோனாவாலாவைத் தாண்டியதும் போர் காட் மலைச் சரிவில் மெல்ல இறங்கத் தொடங்கும். 37 அடிக்கு ஓர் அடி இறங்கும் கடுமையான சரிவு அது. இரு பக்கமும் தண்ணீர் வழியும் கரும்பாறைகள். கல்யாண் நெருங்குகிறதே என்று மூட்டை முடிச்சுகளைக் கட்டுவதில் பயணிகள் முனைந்திருப்பார்கள். வெளியே பார்ப்பவர்களின் கண்ணும் அருவிகளின் மீதே இருக்கும்.

அத்தகைய ஈரப் பாறைகளின் இடுக்குகளில் வாழும் ஒரு காட்டுப் பூச்செடி வியப்புக்குரியது. 'பிகோனியா கிரெனாட்டா' என்பது தாவரவியலார் வழங்கும் பெயர். கண்டாலாவிலும், மாத்தேரானிலும், ஏன், மும்பை நகரின் எல்லைக்குள்ளேயே இருக்கும் போரிவலி காட்டிலும் இதைக் காணலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை இளஞ்சிவப்புப் பூக்களுடன் பாறையை அழகு செய்யும் இச்செடி, பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாது.

அதிகாரியின் பெயர்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளில் செடிகளை ஆராய்ந்தவர் சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். தமக்கு ஆதரவு தந்த மிஷேல் பேகோன் என்ற பிரெஞ்சு அரசாங்க அதிகாரியின் பெயரை ஒரு செடி இனத்துக்கு அவர் சூட்டினார். இன்று அந்த இனத்தில் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. நம் மலைச் செடிக்கு 'கிரெனாட்டா' என்று பெயரிட்டு 1791-ல் விவரித்தவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஜோனாஸ் டிரையாண்டர். இலையின் ஓரம் வட்டப் பற்களாக வெட்டப்பட்டிருப்பதை அப்பெயர் குறிக்கிறது.

இலையை வைத்தே பிகோனியாவை அடையாளம் கண்டுகொள்ளலாம். நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெரிதாகவும், மறு பக்கம் சிறிதாகவும், கோணலாக இருக்கும்.

தேனீக்கு ஏமாற்றம்

ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே பூக்கின்றன. ஆண் பூவில் மகரந்தம் உண்டு. தேனீ அதைத் தேடி வரும். பெண் பூவில் மகரந்தமும் இல்லை, தேனும் இல்லை. ஆனால் அதன் நடுவே உள்ள மஞ்சள் நிறச் சூல்முடி, ஆண் பூவின் மகரந்தத் தாள்களைப் போலவே தோற்றமளிக்கும். ஏமாந்து வந்து உட்காரும் தேனீ, ஏற்கெனவே உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தத்தை அங்கே விட்டுச் செல்கிறது. கொடுப்பது ஒன்றுமில்லை, காரியம் மட்டும் முடிந்துவிடுகிறது! பிகோனியா இனத்தின் பல வகைகளில் இந்தத் தந்திரத்தைத் தாவரவியலார் கண்டிருக்கின்றனர்.

கிழங்கே சேமிப்பு

பாறையில் படிந்த பாசியும், இடுக்கில் தங்கிய சிறிதளவு மக்குமே இதற்கு மண். ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் துளிர்விட்டு, இலை விரித்து, பூத்து, விதை விட்டு விடுகிறது. மழை ஓய்ந்ததும் தண்டும் இலையும் வாடி மறைகின்றன. ஆனால் செடி சாவதில்லை. நான்கு மாதம் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் பாறை இடுக்கில் உள்ள சிறு கிழங்கில் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த மழை வரை உறங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பார்ப்பவர்களுக்கு அது வெறும் மொட்டைப் பாறைதான்.

ஆபத்தும் இதில்தான் அடங்கியிருக்கிறது. மும்பையைச் சுற்றிலும் எத்தனையோ குன்றுகள் கல் குவாரிகளாகிவிட்டன. கோடையில் பாறையை உடைப்பவர்களுக்கு, உள்ளே உயிர் இருப்பது தெரிவதில்லை. பிகோனியா விதைகள் தூசியைப் போல் நுண்ணியவை. ஆனாலும் பெரும்பாலானவை தாய்ச்செடியின் அருகிலேயே விழுகின்றன. ஒரு பாறையில் அழிந்துவிட்டால், அடுத்த குன்றிலிருந்து விதை வந்து முளைப்பது எளிதல்ல.

பிடுங்க வேண்டாம்

மழைக் காலத்தில் உல்லாசப் பயணம் போகிறவர்கள், பூவின் அழகில் மயங்கிச் செடியைப் பிடுங்கி வருவதுண்டு. இழுத்ததும் தண்டு கையோடு வந்துவிடும்; கிழங்கு பாறையிலேயே தங்கிவிடலாம். கிழங்கோடு கொண்டு வந்து தொட்டியில் வைத்தாலும், மழை முடிந்ததும் இலை வாடும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். வீட்டில் வளர்க்க விரும்புவோருக்கு நர்சரிகளில் வேறு பிகோனியாக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

நீலகிரி போன்ற நம் தென்னக மலைகளிலும் இதன் உறவான 'பிகோனியா மலபாரிகா' சிறு புதராக வளர்கிறது. மும்பைவாசிகள் தங்கள் ஊர்ச் செடியைப் பார்க்க விரும்பினால், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரலிலிருந்து மாத்தேரானுக்கு ஏறினால் போதும். வழியில் நீர் கசியும் பாறைகளை நின்று பார்க்க வேண்டும். பூவைச் செடியிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.