ஓலைச்சுவடிப் பதிப்பில் எண்ணிமப் படிமச் செயலாக்கம்: ஓர் அறிமுகம்

முன்னுரை

ஓலைச்சுவடிகள் பூச்சியரிப்பாலும் ஈரத்தாலும் முறிவாலும் சிதைந்து வருகின்றன. அவற்றின் பாடத்தைக் காக்க உதவும் வழிகளுள் ஒன்று எண்ணிமப் படிமச் செயலாக்கம். படிமங்களைக் கணினிவழித் திருத்தியும் தெளிவாக்கியும் பகுத்தும் பயன்கொள்ளும் இத்துறை, பதிப்பாசிரியருக்கு எவ்வாறு துணைநிற்கிறது, எவ்விடத்தில் பாடத்தையே மாற்றிவிடக்கூடும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

படிமமும் எண்ணும்

கணினியைப் பொறுத்தவரை படிமம் என்பது எண்களின் அணியாகும். படம் நுண்ணிய கட்டங்களாகப் பகுக்கப்பெறும். ஒவ்வொரு கட்டமும் படவணு எனப்படும். சாம்பல்நிறப் படிமத்தில் படவணுவின் ஒளியளவு பொதுவாக 0 (கருமை) முதல் 255 (வெண்மை) வரையிலான எண்ணாக அமையும். 1957ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் குழுவினர் வருடியெடுத்த படிமத்தில் வரிசைக்கு 176 படவணுக்களாக 176 வரிசைகள் இருந்தன. 1964இல் ரேஞ்சர் 7 விண்கலம் அனுப்பிய நிலவுப் படங்கள் கணினியால் செப்பம் செய்யப்பெற்றன. இன்று மருத்துவம், தொலையுணர்வு முதலிய பல துறைகளில் இம்முறை பயன்படுகிறது.

சுவடியில் பயன்பாடு

ஏட்டில் எழுத்தாணியால் கீறிய எழுத்தில் கரிமை தடவுவது மரபு. கரி அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். பழுப்பேறிய ஓலை அதனை மிகுதியாக எதிரொளிக்கும். ஆதலின் அகச்சிவப்புப் படிமத்தில் எழுத்து பிரிந்து தோன்றும். மை உதிர்ந்த கீறல்களைச் சாய்வொளியில் எடுத்த படம் நிழலாக வெளிப்படுத்தும்.

அடுத்த நிலை, எழுத்தைக் கருமையாகவும் ஓலையை வெண்மையாகவும் பிரிக்கும் இருமமாக்கம். 1979இல் ஓட்சு வெளியிட்ட முறை, படிமம் முழுமைக்கும் ஒரே வரம்பெண்ணைக் கணிக்கிறது. கறை சீராகப் பரவாத ஓலையில் இது பிழைபடும். அங்கு ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரம்பு கணிக்கும் முறையே பொருந்தும்.

புள்ளியும் இரைச்சலும்

படிமத்தில் தோன்றும் வேண்டாத துகள்கள் இரைச்சல் எனப்படும். இவற்றை நீக்கும் இடைநிலை வடிப்பி, ஒவ்வொரு படவணுவுக்கும் அதன் அண்டைப் படவணுக்களின் இடைநிலை எண்ணை இடுகிறது. ஆயின் தனித்து நிற்கும் சிறு கரும்புள்ளி துகளா, எழுத்தின் உறுப்பா என்பதை வடிப்பி அறியாது.

மெய்யும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய மரபு. ஏடுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. எனவே ‘எரி’ எனும் வடிவம் ‘எரி’, ‘ஏரி’ என இருவகையாகவும் படிக்க இடந்தரும். அரிதாகப் புள்ளி இடப்பெற்ற ஏட்டில் அதனை வடிப்பி அழித்துவிடின், பாடத்தை உறுதிசெய்யும் சான்று மறையும். மாறாக, கரும்பின்னணியில் எடுத்த படத்தில் பூச்சித்துளை புள்ளியாகத் தோன்றி இல்லாத சான்றை உருவாக்கும். ஓலையிலும் மையிலும் இல்லாத ஒரு நிறத்தைப் பின்னணியாகக் கொண்டால் துளையை எளிதில் பிரித்தறியலாம்.

முடிவுரை

படிமச் செயலாக்கம் கண்ணுக்குப் புலப்படாததைப் புலப்படுத்தும். பாடத்தைத் தீர்மானிப்பது பதிப்பாசிரியரின் பணியே. ஆதலின் செயலாக்கம் பெறாத மூலப்படிமத்தைப் பேணுதலும், மேற்கொண்ட வடிப்பி, வரம்பெண் ஆகியவற்றைப் பதிப்பில் குறித்தலும் இன்றியமையாதன. சுவடி அழிந்தபின் ஐயம் எழுமாயின், மூலப்படிமமே எஞ்சிய சான்றாக நிற்கும்.