நொய்யல் கரையில் புவித்தகவல் பாடம்

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து, தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகள் அதன் நீரை வாய்க்கால்களில் திருப்பிவிட, உக்கடம் பெரியகுளம் முதலிய கோவைக் குளங்கள் நிறைகின்றன. எக்குளத்துக்கு எவ்வழியே நீர் வருகிறது? மிகுந்த நீர் எங்கே போகிறது? வாய்க்காலின் குறுக்கே இன்று எது எழுந்து நிற்கிறது? இவ்வினாக்களை ஒருசேர ஆராய வழிசெய்வதே புவித்தகவல் முறைமை.

கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்க 1960-களில் ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய இம்முறைமைக்கு, இன்று கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வோடு இணைந்த தனித்துறையே உண்டு. இதைக் கற்கப் புகும் மாணவர் முதலில் உணர வேண்டியது ஒன்று: இங்கே ஒவ்வொரு செய்தியும் ஓர் இடத்தோடு பிணைக்கப்பட்டது. மதகு ஒரு புள்ளி. வாய்க்கால் ஒரு கோடு. குளம் ஒரு பரப்பு. இவை தனித்தனி அடுக்குகளாகக் கணினியில் அமையும். வாய்க்கால் அடுக்கின்மேல் கட்டட அடுக்கை வைத்தால், நீர்வழி அடைபட்ட இடம் தானே புலப்படும்.

அடுக்குகள் பிசகின்றிப் பொருந்த வேண்டுமானால், அவற்றின் அளவுமுறை ஒன்றாக இருக்க வேண்டும். உருண்டைப் புவியைத் தட்டையான படத்தில் விரிப்பதற்காக, உலகை ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கும் முறை ஒன்று பெருவழக்காக உள்ளது. 43-ஆம் மண்டலம் முடிந்து 44-ஆம் மண்டலம் தொடங்கும் 78 பாகைக் கிழக்கு நெட்டாங்கு கொங்கு நாட்டை ஊடறுத்தே செல்கிறது. கோவையும் திருப்பூரும் ஈரோடும் அதன் மேற்கே உள்ளன. கரூரும் நாமக்கல்லும் கிழக்கே உள்ளன. நாமக்கல்லின் ஆயத்தொலைகளை 43-ஆம் மண்டலத்துக்குரியவை எனத் தவறாகப் பதிந்தால், அவ்வூர் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து, இலட்சத்தீவுகளை அடுத்த அரபிக்கடலில் போய் விழும். எண்ணில் பிழையில்லை, எண் எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்பதில்தான் பிழை.

இடத்தைப் போலவே பெயரும் துல்லியம் வேண்டுவது. ஒவ்வொரு பரப்பிற்கும் அதன் தன்மையைச் சொல்லும் பண்பு அட்டவணை ஒன்று உண்டு. கொங்கு உழவர் மானாவாரி நிலத்தைக் ‘காடு’ என்பார். கிணற்றுப் பாசன நிலத்தைத் ‘தோட்டம்’ என்பார். வட்டாரச் சொல்லறியா மாணவர் ‘காடு’ என்று கேட்டதை வனமென்று எழுதிவிட்டால், சோளம் விளையும் மேட்டு நிலம் வரைபடத்தில் வனமாகிவிடும். மக்கள் மொழியை அறிதலும் இவ்வறிவியலின் ஒரு கூறே.

செயற்கைக்கோள் படம் புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆனதன்று. சிறு சிறு சதுரங்களால் ஆனது. லேண்ட்சாட் படத்தின் ஒரு சதுரம் பொதுவாக 30 மீட்டர் பக்கமுடையது. அதாவது நிலத்தில் ஏறத்தாழ 22 சென்ட். சென்டினல்-2 படத்தின் மிக நுண்ணிய சதுரம் 10 மீட்டர் பக்கமுடையது. அது இரண்டரை சென்ட் அளவே. ஏறத்தாழ 320 ஏக்கர் பரந்த பெரியகுளம் முன்னதில் 1,440 சதுரங்களாகவும், பின்னதில் 13,000 சதுரங்களாகவும் தெரியும். ஆனால் இரண்டு மீட்டர் அகல வாய்க்கால் தனக்கென ஒரு சதுரமின்றி, பக்கத்து நிலத்தின் நிறத்தில் கரைந்துவிடும். கருவி காணாததை இல்லையென்று கொள்ளுதல் பெரும்பிழை.

கண்டதையும் அப்படியே நம்புதல் ஆகாது. நீர் அண்மை அகச்சிவப்புக் கதிரை விழுங்குகிறது. பசிய இலை அதை மிகுதியாகத் திருப்பியனுப்புகிறது. நீரையும் பயிரையும் கணினி பிரித்தறிவது பெரும்பாலும் இவ்வேறுபாட்டால்தான். ஆகாயத்தாமரை மூடிய குளமோ இலையின் ஒளியையே காட்டும்; நீர் நிறைந்த இடம் பசும்வயலெனக் கணக்கில் சேரும். குளக்கரையில் நின்று பார்ப்பவர்க்குக் கணநேரத்தில் விளங்கும் உண்மை, விண்ணிலிருந்து பார்க்கும் கருவிக்கு எட்டாமல் போகிறது.

ஆதலால் களச்சரிபார்ப்பைப் பாடத்தின் இறுதியில் ஒட்டும் சடங்காக எண்ணலாகாது. அதுவே பாடத்தின் உயிர். மாணவர் இடங்காட்டிக் கருவியோடு கரையில் நடக்க வேண்டும். மதகைத் திறந்து மூடிப் பழகிய முதியவரிடம் நீர் வந்த வழியைக் கேட்க வேண்டும். “இந்த வேப்பமரத்துக்குக் கீழாலதான் வாய்க்கால் போச்சு” என்று அவர் கைநீட்டும் இடத்தில், அதுவரை எப்படத்திலும் இல்லாத கோடு ஒன்று தொடங்குகிறது. அதைச் சரியான மண்டலத்தில், சரியான பெயரோடு, யார் சொல்லக் கேட்டது என்ற குறிப்போடு பதிந்து வைத்தால், மண்மூடிய அத்தடத்தை என்றேனும் தூர்வார வருவோர்க்கு அக்கோடே வழிகாட்டும்.