குற்றவியல் நீதியில் நடத்தை மரபியல்

குற்றவியல் நீதியில் நடத்தை மரபியல் என்பது, மனித நடத்தையில் மரபணுக்களின் பங்கை ஆராயும் நடத்தை மரபியலின் முடிவுகளை வழக்கு விசாரணை, தண்டனை வழங்கல், குற்றத் தடுப்பு ஆகியவற்றில் பயன்படுத்துவதையும் அதனால் எழும் அறக் கேள்விகளையும் குறிக்கும். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் குருதி, முடி முதலியவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் டி.என்.ஏ சோதனை இதனின்று வேறானது. டி.என்.ஏ சோதனை, செய்தவர் இவரா என்ற கேள்விக்கு விடை தேடுகிறது. நடத்தை மரபியல் சான்றோ, இவர் ஏன் செய்தார், மீண்டும் செய்வாரா என்ற கேள்விகளைத் தொடுகிறது.

இத்துறையின் அடிப்படைச் சிக்கலைச் சுருக்கமாகக் கூறலாம்: நடத்தை மரபியல் மக்கள் தொகுதிகளைப் பற்றிப் பேசுகிறது, நீதிமன்றம் தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியுள்ளது.

அறிவியல் அடிப்படை

ஒரு நடத்தையில் மரபுக்கும் சூழலுக்கும் உள்ள பங்கை அறிய இரட்டையர் ஆய்வுகளும் தத்தெடுப்பு ஆய்வுகளும் பயன்படுகின்றன. ஒருகரு இரட்டையரின் மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒத்தவை. இருகரு இரட்டையர், மற்ற உடன்பிறந்தோரைப் போலச் சராசரியாகப் பாதி அளவே ஒத்தவர்கள். ஒரு நடத்தையில் ஒருகரு இரட்டையரிடையே ஒற்றுமை மிகுந்து காணப்பட்டால், அதில் மரபுக்குப் பங்கு உண்டு எனக் கொள்ளப்படுகிறது. 2002 இல் 51 இரட்டையர், தத்தெடுப்பு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சமூக விரோத நடத்தையில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 41% மரபு சார்ந்தது என்றும், எஞ்சியது சூழல் சார்ந்தது என்றும் கணிக்கப்பட்டது.

இந்த எண் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவர் செய்த குற்றத்தில் 41% மரபணுவின் வேலை, மீதி அவருடைய வேலை என்பது இதன் பொருளன்று. எடுத்துக்காட்டாக, ஒரு நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு ஊட்டம் கிடைக்கத் தொடங்கினால், உயர வேறுபாட்டில் சூழலின் பங்கு குறைந்து மரபின் பங்கு உயரும். ஆனால் எவருடைய மரபணுவும் மாறியிருக்காது. ஆகவே இவ்வெண் குறிப்பிட்ட சூழலில் வாழும் ஒரு தொகுதியின் இயல்பேயன்றித் தனி மனிதரின் இயல்பன்று.

வரலாறு

குற்றம் பிறப்போடு வருவது என்ற எண்ணம் மரபணு என்ற சொல்லுக்கு முந்தியது. இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்புரோசோ, பிறவிக் குற்றவாளிகளை உடல் அடையாளங்களைக் கொண்டு அறியலாம் எனத் தம் 1876 ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். அதற்கு முன்னரே, 1871 இல், பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிச் சில சமூகங்கள் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிப் பதிவு செய்தது. 1911 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்தவர்கள் மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947 இலும், இந்தியா முழுவதும் 1952 இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வெண்ணம் இனமேம்பாட்டியல் வழியே சட்டமாயிற்று. ஒக்லகோமா மாநிலத்தின் 1935 ஆம் ஆண்டுச் சட்டம், மீண்டும் மீண்டும் குற்றம் புரிந்தவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்ய இடமளித்தது. இதன்படி தண்டிக்கப்படவிருந்த ஸ்கின்னர் என்பவர் கோழி திருடியதற்காக ஒருமுறையும் ஆயுதக் கொள்ளைக்காக இருமுறையும் தண்டனை பெற்றவர். பணிபுரியும் இடத்தில் பணத்தைக் கையாடியவர்களுக்கு அதே சட்டம் விலக்களித்திருந்தது. திருடும் இயல்பு மரபுவழி வரும், கையாடும் இயல்பு வராது எனக் கூற எந்த அடிப்படையும் இல்லை என்று சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், 1942 இல் சமத்துவ உரிமையின் பேரில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

1965 இல் ஸ்கொட்லாந்தின் காவல் மருத்துவமனை ஒன்றில் கூடுதலாக ஓர் ஒய் குரோமோசோம் கொண்ட ஆண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததாக ஆய்வொன்று தெரிவித்தது. இதனால் 'வன்முறைக் குரோமோசோம்' என்ற கருத்து செய்தித்தாள்களில் பரவியது. 1966 இல் சிகாகோவில் எட்டுச் செவிலிய மாணவியரைக் கொன்றவருக்கு இக்குரோமோசோம் இருப்பதாக எழுதப்பட்டது. சோதனையில் அது பொய்யெனத் தெரிந்தது. 1976 இல் வெளியான டென்மார்க் ஆய்வு, இத்தகையோர் வன்முறையில் மிகுதியாக ஈடுபடுவதாகச் சான்றில்லை எனக் காட்டியது.

எம்.ஏ.ஓ.ஏ மரபணு

மோனோ அமைன் ஆக்சிடேஸ்-ஏ என்ற நொதி, மூளையில் செரோடோனின், டோபமின் போன்ற வேதிப்பொருட்களைச் சிதைக்கிறது. 1993 இல் ஹான் புரூனரும் உடனாய்வாளர்களும் ஒரு டச்சுக் குடும்பத்தில், இந்நொதிக்கான மரபணு முற்றிலும் செயலிழந்த ஆண்கள் சிலரை விவரித்தனர். அவர்களிடம் சற்றுக் குறைந்த அறிவுத்திறனும், தீ வைத்தல் உள்ளிட்ட கட்டுக்கடங்காத நடத்தைகளும் காணப்பட்டன. இக்குறைபாடு மிக அரிதானது.

இம்மரபணுவின் குறைசெயல் வடிவம் இதனின்று வேறானது, மிகப் பரவலானது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், 442 ஆண்களில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இவ்வடிவத்தைக் கொண்டிருந்தனர். இவ்வடிவத்தோடு சிறுவயதில் கொடுமைக்கும் உள்ளானவர்கள் 12% மட்டுமே. ஆனால் அக்குழுவின் வன்முறைத் தண்டனைகளில் 44% அவர்களுடையவை. பின்வந்த ஆய்வுகளில் சில இம்முடிவை ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை. இன்று நடத்தை வேறுபாடுகள் பெரும்பாலும் மிகச்சிறு விளைவு கொண்ட பல்லாயிரம் மரபு வேறுபாடுகளின் தொகுப்பாகவே கருதப்படுகின்றன.

நீதிமன்றங்களில்

ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கொலைக் குற்றத்திற்காக மரண தண்டனையை எதிர்நோக்கிய ஸ்டீபன் மோப்லியின் வழக்கறிஞர்கள், அவரது குடும்பத்தில் தலைமுறைகளாக வன்முறை இருந்ததைக் காட்டி எம்.ஏ.ஓ.ஏ சோதனைக்கு அனுமதி கோரினர். கோரிக்கை மறுக்கப்பட்டது, மாநில உச்ச நீதிமன்றம் 1995 இல் அதை உறுதி செய்தது. 2005 இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

2009 இல் டென்னசி மாநிலத்தில், குறைசெயல் வடிவமும் சிறுவயதுக் கொடுமையும் எடுத்துக்காட்டப்பட்ட வழக்கொன்றில், நடுவர் குழு குற்றத்தை முதல்நிலைக் கொலையாகக் கொள்ளவில்லை. குற்றவாளிக்கு மரண தண்டனைக்குப் பதிலாக 32 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், மரபணுச் சான்றைக் கருத்திற்கொண்டு ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையை ஓராண்டு குறைத்தது.

அறக் கேள்விகள்

பொறுப்பு: மரபணுவை எவரும் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை; எனவே அதன் விளைவுக்கு முழுப்பொறுப்பு சுமத்துவது அநீதி என்பது ஒரு வாதம். ஒரு செயலுக்குக் காரணம் இருப்பதும், அச்செயலைக் கட்டுப்படுத்த இயலாமல் இருப்பதும் வெவ்வேறு என்பது எதிர்வாதம். உலகெங்கும் வன்முறைக் குற்றங்களில் மிகப் பெரும்பான்மையானவற்றை ஆண்களே செய்கின்றனர். அவ்வகையில் ஒய் குரோமோசோமுக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பு, அறியப்பட்ட எந்தத் தனி மரபணுவின் தொடர்பையும்விட வலுவானது. எனினும் ஆணாகப் பிறந்தார் என்பதற்காக எந்த நீதிமன்றமும் தண்டனையைக் குறைப்பதில்லை.

இருமுனைத் தன்மை: இயல்பிலேயே வன்முறை நாட்டம் உள்ளவர் என்ற சான்று குற்றப்பழியைக் குறைக்கலாம், அவர் மீண்டும் அவ்வாறே நடப்பார் என்ற அச்சத்தையும் கூட்டலாம். அரிசோனாவின் லாண்ட்ரிகன் வழக்கில், குழந்தையாகவே தத்துக் கொடுக்கப்பட்ட ஒருவர் தம் வன்முறை பெற்ற தந்தைவழி வந்தது என வாதிட முயன்றார். அத்தகைய சான்று அவர் தொடர்ந்து ஆபத்தானவராக இருப்பார் என்பதையே காட்டியிருக்கும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. அவருக்கு 2010 இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறுபுறம், 2012 இல் வெளியான ஆய்வில் 181 அமெரிக்க நீதிபதிகளிடம் ஒரு கற்பனை வழக்கு தரப்பட்டது. உயிரியல் விளக்கம் பெற்றவர்கள் விதித்த தண்டனை சராசரியாக ஓராண்டு குறைந்திருந்தது.

முன்கூட்டிய முத்திரை: பொஸ்டன் நகரில் பிறந்த குழந்தைகளிடம் கூடுதல் ஒய் குரோமோசோமைத் தேடிய ஆய்வுத் திட்டம், கடும் எதிர்ப்பின் பின் 1975 இல் சோதனையை நிறுத்தியது. குழந்தையின் ஒவ்வொரு குறும்பையும் பெற்றோர் ஐயத்தோடு பார்த்தால், அப்பார்வையே குழந்தையைக் கெடுக்கும் என்பது எதிர்த்தவர்களின் கருத்து. பிரித்தானியாவின் நஃபீல்டு உயிரியல் அறநெறி மன்றம், குற்றம் எதுவும் செய்யாதவர்களின் நடத்தையை மரபணு கொண்டு முன்கணித்தல் ஏற்புடையதன்று எனத் தன் 2002 ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது.

குழுக்களின் மீதான பழி: 2006 இல் நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் குறைசெயல் வடிவம் மிகுதி என்ற செய்தி 'போர்வீரர் மரபணு' என்ற பெயரில் பரவி, அவர்களிடையே உள்ள குற்றங்களுக்கு விளக்கமாகக் காட்டப்பட்டது. வறுமை, நில இழப்பு போன்ற சமூகக் காரணங்களை இத்தகைய விளக்கம் மறைக்கிறது எனக் கடும் கண்டனம் எழுந்தது.

அண்மைக்காலப் போக்கு

பல்லாயிரம் மரபு வேறுபாடுகளைக் கூட்டிக் கணிக்கும் பல்மரபணு மதிப்பெண்கள் இன்று ஆய்வுகளில் பயன்படுகின்றன. இவை தொகுதிகளிடையே சிறு போக்குகளைக் காட்டினாலும், தனி ஒருவர் குற்றம் செய்வாரா என்பதைக் கூறப் போதுமானவையல்ல. மேலும், இவற்றுக்கு அடிப்படையான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரிடமிருந்து பெறப்பட்டவை என்பதால், ஏனைய மக்களுக்கு இவற்றின் துல்லியம் குறைகிறது. இத்தகைய மதிப்பெண் நீதிமன்றத்தில் எண்ணாக முன்வைக்கப்படும்போது, அதன் உண்மையான வலுவுக்கு மிஞ்சிய நம்பகத்தன்மையைப் பெற்றுவிடக்கூடும் என்பது இத்துறையில் எழுப்பப்படும் முதன்மையான எச்சரிக்கைகளுள் ஒன்றாகும்.