ஆமை வளர்க்க எந்தப் புத்தகம்?

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். புத்தகத்தில் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்பார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன், தங்கச்சி ஆமை கேட்கும் வரை.

தீப்பெட்டி அளவு, காதோரம் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமை. பழைய புத்தகக் கடையில் அறுபது ரூபாய்க்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி, அகராதி பார்த்துப் படித்தேன். கண்ணாடி ஜன்னலோரம் வைத்தால் வெயில் போதும் என்றிருந்தது. வைத்தோம். சில மாதத்தில் ஓடு விரலால் அமுக்கினால் உள்ளே போச்சு. பிறகு செத்தும் போச்சு. தங்கச்சி என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவர் அப்புறம் விளக்கினார். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். அதை உடம்பு ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அது தோலில் உண்டாக வெயிலிலுள்ள புற ஊதா-பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், அந்தக் கதிரைத் தடுத்துவிடும். என் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

ஆகவே முதலில் அச்சான வருஷத்தைப் பாருங்கள். அடுத்து, பின்பக்க அட்டவணையில் புற ஊதா, கால்சியம் இருக்கிறதா என்று தேடுங்கள். இதற்கான விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கதிர் குறைந்துவிடும். ஆறு மாதம், ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டும். இதை எழுதியிருந்தால் ஆசிரியர் விஷயம் தெரிந்தவர். (நம்ம எலக்ட்ரிகல் பசங்களுக்கே இது புதுசு!) வளர்ந்தபின் அளவு என்ன? இந்த ஆமை 30 செ.மீ. வரை வளரும், இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், புத்தகமாவது சொல்லணும். அறிவியல் பெயரும் அவசியம். வெறும் 'ஆமை' என்றால் நில ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மூழ்கடித்துவிடுவோம். தவளைப் புத்தகமென்றால் குழாய்த் தண்ணீர் குளோரினைப் பற்றிப் பேசுகிறதா பாருங்கள். தவளை தோலாலும் தண்ணீரை உறிஞ்சும்.

குளிர்நாட்டுப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சூடேற்றச் சொல்லும். நம்மூர் மே மாதத்தில் நிழல்தான் தேடணும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதும் அதில் இருக்காது.

அந்தப் புத்தகத்தை எடைக்குப் போடலாம் என்றேன். அப்பா விடவில்லை. சாமி படத்துக்குக் கீழேதான் இருக்கிறது. முதல் பக்கத்தில் மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: "பக்கம் 31 தப்பு."

– இரண்டாமாண்டு மாணவன், மின்னியல் துறை